ஆறு வருஷம் சும்மாவா இருந்தீங்க?

பயோடேட்டாவைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று பெண்களுக்கு எல்லோரும் புத்தி சொல்கிறார்கள். வேலைவாய்ப்பு முகாமில் சொல்கிறார்கள். கல்லூரிக்கு வரும் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். புதுப் படம் ஒட்டு, கணினிப் பயிற்சி ஒன்றைச் சேர், பழைய போன் நம்பரை எடு. நல்ல யோசனைகள்தான். ஆனால் அந்தத் தாளின் அச்சே பழசாக இருக்கிறதே, அதை யார் மாற்றுவது? தந்தை அல்லது கணவர் பெயர், மதம், சாதி, திருமண நிலை. நாகரசம்பட்டியில் பிரவுசிங் சென்டர் அண்ணனிடம் சொன்னால் இந்த வரிசையில்தான் தட்டித் தருகிறார். கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் தாளுக்கும் இதற்கும் ஜாதகக் கட்டம் ஒன்றுதான் வித்தியாசம்.

என்னிடம் தமிழ் படித்த ஒருத்தி அப்படியொரு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். பட்டம் வாங்கிய வருடத்தோடு தாள் நின்றுவிட்டது. பிறகு ஆறு வருடம் காலி.

"நடுவுல என்ன செஞ்ச?"

"ஒண்ணும் இல்லம்மா. வீட்ல சும்மாதான் இருந்தேன்."

கிளறிக் கேட்டதில் வந்தது கதை. நான்கு வருடமாக ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு அவள் கையில். சேமிப்பு வசூல், உள்கடன் பேரேடு, தீர்மானப் புத்தகம், வங்கியில் போய் மேலாளரிடம் பேசுவது எல்லாம் அவள்தான். தவணை தவறிய பெண்ணின் வீட்டுக்குப் போய், சண்டை வராமல் பணத்தை வாங்கி வந்திருக்கிறாள். கம்பெனிக்காரர்கள் இதற்கு நீளமான பெயர்கள் வைத்திருக்கிறார்கள். "அதையெல்லாமா எழுதுவாங்க?" என்று என்னையே கேட்டாள்.

எழுத வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். 2004-இல் பிரிந்த நம் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள் இருந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த மண்ணின் பெண்கள் கணக்கு எழுதுகிறார்கள். அது வேலை அனுபவம் இல்லை என்று எந்த அதிகாரி முடிவு செய்தார்?

குழுக் கணக்கு எழுதாதவளும் சும்மா இருக்கவில்லை. 2019-இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம். ஆண்கள் 97. அந்த ஐந்து மணி நேரத்தைத் தின்றுவிட்டுத்தான் நேர்காணலில் உட்கார்ந்து, ஆறு வருஷம் என்ன செய்தாய் என்கிறார்கள்.

இடைவெளி விழுந்த பெண்ணுக்கு ஒரு தொல்லை என்றால், திருமண நிலை எல்லோருக்கும் தொல்லை. அவளுக்கு ஆள்பிடிக்கும் ஏஜெண்ட் ஒருவர் சொன்ன ஆலோசனை: "கல்யாணம் ஆகலைன்னு போடுங்க. வரும்போது மெட்டியக் கழட்டிட்டு வாங்க." அதே தாளின் அடியில் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்று கையெழுத்தும் போட வேண்டும்.

இது ஏதோ ஒரு ஏஜெண்டின் கோணல் புத்தி என்று தள்ளிவிட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டித் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. சில மாதம் கழித்து, ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைப் போடக் கூடாது என்று ஏஜெண்டுகளுக்கு அந்த நிறுவனம் சொன்னதாகவும் அதே ராய்ட்டர்ஸ் எழுதியது. செய்தி வந்த பிறகே விளம்பரம் மாறியது என்பதைக் கவனியுங்கள்.

போச்சம்பள்ளி வட்டாரத்தில் ஓலா தன் ஸ்கூட்டர் ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேருக்கு வேலை என்று 2021-இல் அறிவித்தது. ஓசூர்ப் பக்கம் கைப்பேசி உதிரிபாகம், பர்கூர்ப் பக்கம் காலணி. விடியுமுன் ஊர் ஊராகக் கம்பெனி பஸ் வருகிறது. பெண்கள் வேலைக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். என் சந்தேகம், வேண்டப்படுவது பெண்ணா, பொறுப்புகள் வந்து சேராத வயதுள்ள இரண்டு கைகளா என்பதே. கல்யாணமானால் லீவு போடுவாள் என்கிறார்கள். 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-இல் சேர்த்தாயிற்று. முதலில் தொட்டில் எங்கே என்று காட்டட்டும்.

அவள் தாளைத் திருத்தினோம். கணவர் பெயர் போனது, மதம் போனது, சாதி போனது. இடஒதுக்கீட்டுக்காக அரசு கேட்கும்போது சாதியைச் சான்றிதழோடு தரலாம். தனியார் கம்பெனிக்கு அது எதற்கு? சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். இரண்டும் ஒத்துப்போகாமல் எத்தனை பெண்கள் அலைகிறார்கள்! சான்றிதழில் உள்ள பெயரையே எழுதினோம். குழுக் கணக்கு நான்கு வருடமும் 'பணி அனுபவம்' என்ற தலைப்பின்கீழ் ஏறியது. திருமண நிலை என்ற வரியே இல்லை, பொய்யும் இல்லை.

நேர்காணலில் வாய்விட்டுக் கேட்டால்? 'இந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் சார்' என்று திருப்பிக் கேள் என்று சொல்வது, மாதாமாதம் சம்பளம் வாங்கும் எனக்குச் சுலபம். அவளுக்கு அந்த வேலை வேண்டும். தனியாக அவள் கேட்க முடியாததை, முகாம் நடத்த இடம் கொடுக்கும் நம் கல்லூரிகள் கேட்கலாம். விண்ணப்பப் படிவத்தை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். திருமண நிலை இருந்தால் அடித்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புங்கள். கம்பெனி கோபித்துக்கொண்டு போய்விடுமே என்று பேராசிரியர்களே பயப்படுகிறார்கள். அத்தனை கோடி போட்டு ஆலை கட்டியவர்கள், ஒரு வரியை அடித்ததற்காக ஆளெடுக்காமல் போய்விடுவார்களா?