பானெட்டைத் திறக்க என்ன வெட்கம்?



இரண்டு வாரத்துக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு வாசகி, பழைய காரை வைத்துக்கொண்டு மெக்கானிக் ஷாப்புக்கும் வீட்டுக்கும் அலைவதைவிட, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று எழுதியிருந்தார். அவருக்கு அது சரியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் நடக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்களிடம் இருப்பது 1996-ம் வருஷத்து மாருதி 800. கார்புரேட்டர் வண்டி. என் மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தாமதமானால் பெட் அடுத்தவருக்குப் போய்விடும்; மத்தியானம் வரை காத்துக் கிடக்க வேண்டும். நாங்கள் இருப்பதோ டவுனிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி. அந்த நேரத்தில் ஆட்டோ கிடைக்காது. வீட்டுக்காரருக்கு மில்லில் நைட் ஷிப்ட். ஆகவே வண்டி ஓட்டுவது நான்தான். விற்றால் கிடைக்கிற காசில் இரண்டு மாசத்து மருந்து பில் கட்டலாம். அப்புறம்?

போன வருஷம் ஒருநாள் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மெக்கானிக் வந்து பார்த்து, "செல்ஃப் மோட்டார் போயிடுச்சும்மா, மாத்தணும்" என்றார். 4,200 ரூபாய். மாற்றினோம், ஓடியது. நாலாம் நாள் விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு அத்தையை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். மறுபடியும் அதே 'டிக்'!

எனக்குக் கை கால் ஓடவில்லை. முதல் நாளே அத்தைக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் லாரி ஓட்டுகிற தம்பி ஒருவர், லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் வந்து படுத்திருந்தார். எழுப்பினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், "அக்கா, ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க" என்றார். திருப்பினேன். லைட் அப்படியே மங்கி அணைகிற மாதிரி ஆகிவிட்டது. "மோட்டாருக்குக் கரண்டே போய்ச் சேரலக்கா" என்று பானெட்டைத் திறந்தார். பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ பூத்துப் போயிருந்தது. மேலே மாட்டியிருந்த கிளாம்ப்பைக் கையால் திருகினால் ஆடுகிறது! மைனஸ் பக்கத்தை முதலில் கழற்றினார், பிறகு பிளஸ். ஒரு சொம்பு வெந்நீர் கேட்டார். ஊற்றிக் கழுவி, துடைத்து, சுரண்டி, பிளஸ்ஸை முதலில் மாட்டி, மைனஸைக் கடைசியில் இறுக்கினார். பத்து நிமிஷ வேலை. ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டது. ஆறு பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்லவேளை, பெட் இருந்தது.

யோசித்துப் பார்த்தால், மோட்டார் மாற்றும்போது பேட்டரி வயரைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அந்த அசைவில்தான் வண்டி நாலு நாள் ஓடியிருக்கிறது. மோட்டாரால் அல்ல. அந்த மெக்கானிக் ஏமாற்றினாரா, பார்க்கச் சோம்பல்பட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் பேட்டரியைப் பார்த்தீர்களா என்று அன்று கேட்கத் தெரிந்திருந்தால் 4,200 ரூபாய் மிச்சம். கேட்காதது என் தப்பு.

தோழியரே, மிக்ஸி ஓடவில்லை என்றால் நாம் உடனே கடைக்கா தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்? பிளக்கைப் பார்க்கிறோம், அடியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அமுக்கிப் பார்க்கிறோம். அடுப்பு மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டையை ஊசியால் குத்துகிறோம். அதே மூளைதான் வேண்டும். பழைய கார் ஒன்றும் பிரம்ம ரகசியம் இல்லை. பெட்ரோல் வர வேண்டும், காற்று வர வேண்டும், பிளக்கில் பொறி வர வேண்டும், பேட்டரியில் தெம்பு வேண்டும். எது வரவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் வேலை. இப்போது வருகிற வண்டிகளில் எல்லாம் கம்ப்யூட்டர். மெஷின் மாட்டித்தான் என்ன கோளாறு என்று பார்க்கிறார்கள். நாம் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடிவது இந்தப் பழைய வண்டியில்தான்.

பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று தெருவில் ஒரு பெரியவர் கேட்டார். முதல் முதலில் காரில் நெடுந்தூரம் போனதே ஒரு பெண்தான் ஐயா! 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்தா பென்ஸ், காரைக் கண்டுபிடித்த தன் கணவரிடம்கூடச் சொல்லாமல், இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகியிருந்த ஊசியால் குத்திச் சரிசெய்தார். நம் பர்னர் வைத்தியமேதான்!

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். மாசம் ஒரு தடவை பேட்டரி முனையை ஆப்ப சோடா கலந்த வெந்நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுகிறேன். பேட்டரியின் மூடிகள் மூடியிருக்க வேண்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. அதைவிட முக்கியம், கை வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும். பேட்டரியில் உலோகம் பட்டால் பொறி பறக்கும், கை வெந்துவிடும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், ரேடியேட்டர் விசிறி பக்கத்திலேயே இருக்கிறது.

ரேடியேட்டர் தண்ணீரைக் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்ப்பேன். சூட்டில் மூடியைத் திறந்தால் குக்கர் வெயிட்டைப் பிடுங்கின கதைதான், முகத்தில் அடிக்கும். இன்னொன்று பெட்ரோல் வரும் ரப்பர் ட்யூப். 2025-க்குள் பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. நம் வண்டி ரப்பர்கள் அதை நினைத்துச் செய்தவை அல்ல. காலையில் பெட்ரோல் நாற்றம் அடிக்கிறதே என்று ஒருநாள் குனிந்து பார்த்தால், ட்யூபில் நகம் இறங்குகிற அளவுக்கு வெடிப்பு! வண்டியை எடுக்காமல் ஆளைக் கூப்பிட்டு மாற்றினேன். அதை அப்படியே விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும்.

பிரேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். பெடல் மெத்தென்று உள்ளே போனால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். ஜாக்கி மட்டும் நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது. நான் மெக்கானிக்குக்கு எதிரி இல்லை. இப்போதும் போகிறேன், வேறு ஒருவரிடம். சத்தம் எப்போது வருகிறது, குளிரிலா சூட்டிலா, மேடு ஏறும்போதா என்று நோட்டில் எழுதி எடுத்துப் போகிறேன். மாற்றின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். முதல் தடவை கேட்டபோது ஏற இறங்கப் பார்த்தார். இப்போது அவரே கவரில் போட்டுக் கொடுக்கிறார்.

ஒரு சந்தேகம். மழை பெய்த மறுநாள் காலையில் என் வண்டி திணறித் திணறி எடுக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஈரம் துடைத்தால் சரியாகிறது, அடுத்த மழைக்கு மறுபடியும் அதே கதை. மூடியையே மாற்ற வேண்டுமா, பிளக் வயரிலும் பார்க்க வேண்டுமா? இதே வண்டி வைத்திருக்கும் வாசகியர் யாராவது எழுதினால், ஐப்பசி மழைக்கு முன்னால் செய்துவிடுவேன்.

(அந்த மெக்கானிக் எங்கள் ஊர்க்காரர் என்பதால் என் பெயரும் ஊரும் வேண்டாம்.)

– ஓர் இல்லத்தரசி