வாசிப்பின் தடங்கள்

1920களில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர்களின் பெயரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். தோன்றியதைத் தயங்காமல் எழுதிவரச் சொன்னார். ஜான் டன், ஹாப்கின்ஸ் கவிதைகளையே பலர் ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். 13 கவிதைகளுக்கு வந்த அந்தக் குறிப்புகளை 1929இல் நூலாக்கினார். இலக்கியம் பயில்பவர்களும் எங்கெங்கே இடறுகிறார்கள் என்பதை அதில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம்.

ரிச்சர்ட்ஸுக்குக் கிடைத்தவை சொற்கள். இன்று வாசிப்பைப் படமாகவும் வரைகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நினா மெக்கர்டி, மிரியா மேயர் ஆகிய கணினியியலாளர்கள் கவிஞர் கேத்தரின் கோல்ஸ் உள்ளிட்டோரோடு சேர்ந்து போயமேஜ் என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். ஒரு கவிதையை உள்ளிட்டால், ஒலியால் உறவுள்ள சொற்களை அது கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும். ஒரு கூட்டத்தைத் தேர்ந்தால், அச்சொற்களை இணைத்து ஒரு வண்ணக்கோடு கவிதையின் ஊடே ஓடும். வரியிறுதி இயைபு மட்டுமல்ல, வரி நடுவே ஒளிந்திருக்கும் ஒலியும் அகப்படும். பல கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் படம் சிக்கலாகிறது. கவிஞர்கள் விரும்பிப் பார்த்தது அந்தச் சிக்கலைத்தான். கவிதைக்கு விடை சொல்லும் கருவியை அவர்கள் கேட்கவில்லை; திரும்ப வாசிக்க வைக்கும் கருவியைக் கேட்டார்கள். அது சரியான கோரிக்கை என்றே நாங்கள் கருதுகிறோம்.

கவிதையின் தடத்தை உடம்பிலும் தேடியிருக்கிறார்கள். ஜெர்மனியின் பிராங்பர்ட்டில், மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் கவிதை கேட்பவர்களின் தோலைக் கேமராவில் பதிவு செய்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, மயிர்க்கூச்சம் வரி முடிவிலும் பத்தி முடிவிலும் கவிதை முடிவிலும் கூடுதலாக வருகிறது. முடிவு நெருங்குவதை உடம்பு முன்கூட்டியே உணர்கிறது போலும்.

ஒரு கவிஞர் எந்தச் சொல்லை எத்தனை முறை எழுதினார் என்று எண்ணிப் பெரிதும் சிறிதுமாக அச்சிடும் சொல்மேகங்கள் வாசிப்பின் தடங்களில் சேரா. அவற்றில் கவிஞரின் சொற்பட்டியல் இருக்கிறது, வாசகர் இல்லை. பல வாசகர்களைக் கூட்டிச் சராசரி எடுப்பதும் ஆபத்தானது. ஒருவர் நின்ற இடத்தை இன்னொருவர் தாண்டிப் போயிருப்பார். அந்த வேறுபாடு சராசரியில் காணாமல் போய்விடும்.

இவ்விதழின் நடுப்பக்கத்தில் பெயரில்லாமல் ஒரு கவிதை இருக்கிறது. நீங்கள் நின்ற இடத்தையும் திரும்பிப்போன வரியையும் பென்சிலால் குறித்து அனுப்புங்கள். யாருடைய குறியையும் மற்றவருடையதோடு கலக்காமல் அடுத்த இதழில் தனித்தனியே அச்சிடுவோம். புரியாத வரியைக் குறிக்கத் தயங்க வேண்டாம்.