கடிதத்தை வாங்கிக் கையெழுத்திடுங்கள்

செண்பகத்தோப்பு மலையடிவாரம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று நீளும் இந்த வட்டாரத்தில் நூற்பாலை வேலை பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியது முதல் இதுவே நிலை. ஆள் எடுப்பதில் மனிதவளத் துறையினரான நமக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆள் விலகும்போதுதான் தடுமாறுகிறோம்.

விடுதியில் தங்கி ஸ்பின்னிங்கில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, நோட்டுத் தாளில் ராஜினாமா எழுதி டைம் ஆபீசுக்கு வருகிறாள். "சூப்பர்வைசரைப் பாரும்மா", "ஆள் கிடைக்கட்டும்", "தீபாவளி கழியட்டும்" என்று பதில் வருகிறது. கடிதம் அவள் கையிலேயே நிற்கிறது. யாரும் தேதி போட்டு வாங்காததால் அறிவிப்புக் காலம் தொடங்கியதற்கே சான்றில்லை. பிறகு ஊருக்குப் போனவள் திரும்புவதில்லை. 'சொல்லாமல் நின்றவர்' என்று பதிவேட்டில் எழுதி, கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைக்கிறோம். பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஏறுவதில்லை. இந்தச் சிக்கலை உண்டாக்குவது அவளல்ல, நாம்தான்.

அறிவிப்பு எவ்வளவு? 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகளில் விடை தெளிவாக இருந்தது. மாதச் சம்பள நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு மாதம், மற்ற நிரந்தரத் தொழிலாளிக்கு இரண்டு வாரம், அல்லது அதற்கு ஈடான சம்பளம். இது இரு தரப்புக்கும் பொது. தற்காலிகத் தொழிலாளிக்கும் பதிலிக்கும் அறிவிப்பே தேவையில்லை. ஆண்டுக்கணக்கில் பதிலி என்று எழுதிவைத்துவிட்டு, விலகும்போது மட்டும் மூன்று மாத நோட்டீஸ் கேட்பது நியாயமே இல்லை.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஊதியத் தொகுப்பின் 17-ஆம் பிரிவுப்படி, ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். 'அடுத்த மாதம் பத்தாம் தேதி வந்து வாங்கிக்கொள்' என்பதற்கு இனி இடமில்லை. ஐந்தாண்டு முடித்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை உண்டு.

கவலை தருவது வேறொன்று. நிலையாணைகள் கட்டாயமாவதற்கான எண்ணிக்கை வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்ந்துவிட்டது. சிறிய ஆலைகளும் சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணிக் கூடங்களும் அதற்கு வெளியே நிற்கும். அங்கே நியமனக் கடிதம்தான் பிடிமானம். புதிய சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. விலகும் முறையையும் அதிலேயே தமிழில் எழுதிவிடுங்கள்.

விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று அளித்த தீர்ப்பைக் காட்டி, எல்லோரிடமும் பாண்டு வாங்கலாம் என்று சில நிர்வாகங்கள் நினைக்கக்கூடும். மூன்றாண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனையை நீதிமன்றம் ஏற்றது உண்மை. ஆனால் அந்த வழக்கில் விலகியவர் நல்ல சம்பளம் வாங்கிய மேலாளர். பொதுத்துறை வங்கிக்குத் திறந்த போட்டித் தேர்வால் ஏற்படும் செலவும் கணக்கில் கொள்ளப்பட்டது. அங்கேயும் அவர் விலகுவதை யாரும் தடுக்கவில்லை. சில வாரப் பயிற்சி பெற்று நூற்பு இயந்திரத்தைக் கவனிக்கும் சைடருக்கு அதைப் பொருத்துவது தவறு. மூன்றாண்டு முடிந்தால் மொத்தத் தொகை, இடையில் போனால் ஒன்றுமில்லை என்ற சுமங்கலித் திட்டம் நம் தொழிலுக்குத் தேடித்தந்த கெட்ட பெயர் போதும்.

சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் நமக்கு உரிமை இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு, பொதுப் பிடிப்புரிமை யாருக்கெல்லாம் உண்டு என்று பட்டியலிடுகிறது. வங்கியர் அதில் உண்டு, வேலை கொடுப்பவர் இல்லை. அதுவும் சரக்குகளின் மீது மட்டுமே.

டைம் ஆபீசில் இருப்பவர்களுக்கு நம் வேண்டுகோள் இதுதான். இரவு ஷிப்டில் வந்தாலும் கடிதத்தை வாங்குங்கள். நகலில் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அவர் கையில் கொடுங்கள். கடைசி வேலை நாளையும் கணக்கு முடிக்கும் நாளையும் அந்த நகலிலேயே குறித்துவிடுங்கள்.