மீட்டருக்குப் பட்டா எதற்கு?

மின் பகிர்மானக் கழகத் தலைவர் அவர்களுக்கு,

சென்னையில் கால்வாய்க் கரையிலும் தண்டவாள ஓரத்திலும் குடியிருப்பவர்களின் கரண்ட் விஷயமாக எழுதுகிறேன்.

2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை மீட்டரைப் பார்த்துத்தான் வருகிறது. மீட்டர் இல்லாதவர் பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, லைட்டுக்கு இவ்வளவு, ஃபேனுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் அழுகிறார். நாலு குடும்பம் ஒரே மீட்டரில் தொங்கினால் கணக்கு மேல் கட்டண அடுக்குக்கு ஏறும். அதுவும் இவர்கள் தலையில். மாடி வீட்டுக்காரனான எனக்குக் கிடைக்கும் இலவசம் அவர்களுக்கு இல்லை.

சிக்கல் பழையது. 1971-ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டப்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17. அதன்பின் பட்டியல் பல ஆண்டுகள் தூங்கியது. பிழைப்பு தேடி ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்; அவர்கள் குடியிருப்புகள் பட்டியலுக்கு வெளியே, சான்று இல்லாமல் நின்றன.

2003 மின்சாரச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரோ குடியிருப்பவரோ கேட்டால் இணைப்பு தரச் சொல்கிறது. நம் மாநில விநியோக விதித் தொகுப்போ, உரிமையாளர் சம்மதம் கிடைக்காதவரிடம் சட்டப்படி குடியிருப்பதற்கான சான்று, இழப்பீட்டுப் பத்திரம், இரட்டிப்புக் காப்புத்தொகை எல்லாம் கேட்கிறது. புறம்போக்கில் இருப்பவர் அந்தச் சான்றுக்கு எங்கே போவார்? திருவண்ணாமலை மாவட்டப் புறம்போக்குவாசிகள் வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம், மின்சாரம் கிடைப்பதை மனித உரிமையாகவே கொள்ள வேண்டும் என்றது.

அகமதாபாத்தில் இதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கவில்லை. 2001-இல் சேவா என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து அங்குள்ள மின் நிறுவனம் சில நூறு குடிசைகளுக்கு இணைப்பு தரத் தொடங்கியது. நிலப் பத்திரத்துக்குப் பதில் உறுதிப் பத்திரம் போதும் என்றது. பிறகு அந்தத் திட்டம் லட்சம் வீடுகளைத் தாண்டியது. இத்தனைக்கும் அந்த மின் நிறுவனம் தனியாருடையது. லாபம் பார்க்காமலா செய்திருக்கும்?

இணைப்பு கொடுத்தால் ஆக்கிரமிப்புக்குத் துணைபோவதாகும் என்பார்கள் உங்கள் அதிகாரிகள். ‘இந்த இணைப்பைக் காட்டி நிலம் கேட்கமாட்டேன்’ என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு ரேஷன் கார்டு போதும் என்று பிரிவு அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். இரட்டிப்புக் காப்புத்தொகையையும் இவர்களுக்கு விட்டுவிடலாம். ஐப்பசி மழைக்கு முன் செய்தால் நல்லது. தகரக் கூரைமேல் ஒட்டுப்போட்ட ஒயர்கள் கிடக்கின்றன.

கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பவர்களைப் பிடிக்க வரும் பறக்கும் படையின் கையில் விண்ணப்பப் படிவத்தையும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
மின் நுகர்வோர் ஒருவன்