எந்தச் சபை? கல்லறையைக் கேளுங்கள்!

“எந்தச் சபையிலே சேருவது?” - தமிழகத்தின் பல ஊர்களிலே இந்தக் கேள்வி எழுகிறது. கேட்பவன் பெரும்பாலும் சேரியிலே பிறந்தவன். ஊர்க் கோயிலின் படி அவனுக்கு மறுக்கப்பட்டது. திருவிழாவிலே பறையடிக்க அழைத்தார்கள். தேர்வடம் பிடிக்க அழைக்கவில்லை. மானத்தோடு வாழ வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு அவன் வெளியே வந்தான். வந்தவன் எதிரிலே ஒரு பாதை அல்ல, ஒன்பது பாதைகள்!

பேதுருவின் வழிவந்த போப்பாண்டவரின் தலைமையை ஏற்காத சபை முழுமையான சபை ஆகாது என்கிறார் கத்தோலிக்கர். மனிதனை மீட்பது விசுவாசம் ஒன்றே, இடையிலே போப்பாண்டவர் எதற்கு என்கிறார் லுத்தரன். குழந்தையின் தலையிலே தெளித்த தண்ணீர் ஞானஸ்நானம் ஆகாது, வளர்ந்தபின் ஆற்றிலே மூழ்கி எழு என்கிறார் பாப்டிஸ்ட். மூழ்கினால் மட்டும் போதுமா, பரிசுத்த ஆவி இறங்கி அந்நிய பாஷை வர வேண்டாமா என்கிறார் பெந்தெகொஸ்தேக்காரர். நீங்கள் அனைவரும் கூடும் நாளே தவறு, ஓய்வுநாள் சனிக்கிழமை என்கிறார் ஏழாம் நாள் சபையார்.

ஒருவர் காட்டும் வழியை மற்றவர் மறுக்கிறார். நாம் இந்த வழக்கிலே தீர்ப்புக் கூற வரவில்லை. விண்ணிலே எந்தச் சபையின் பதிவேடு செல்லும் என்பதற்குச் சாட்சி சொல்ல எவரும் திரும்பி வந்ததில்லை. சாட்சியே இல்லாத வழக்கிலே தலையிடுவது பகுத்தறிவாளர் வேலையன்று. ஆனால், இந்தப் பரபரப்பான வழக்கின் சத்தத்திலே வேறொரு வழக்கு அமுங்கிப் போகிறது. அது மண்ணிலே நடக்கும் வழக்கு. அதற்குச் சாட்சிகள் உண்டு, ஆண்டு உண்டு, செங்கல்லும் சுண்ணாம்பும் உண்டு. அந்த வழக்கைத்தான் இங்கே எடுத்துரைக்கிறோம்.

முதலிலே ஒன்றைக் கேட்போம். சபைகளின் கொள்கை வேறுபாடுகளை ஆய்ந்து, தெளிந்து, தேர்ந்தெடுத்துத்தானா நம் நாட்டுக் கிறிஸ்தவர்கள் அந்தந்தச் சபையிலே இருக்கிறார்கள்? வரலாறு வேறு கதை கூறுகிறது.

1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியிலே இறங்கினார். தரங்கம்பாடியும் தஞ்சையும் லுத்தரன் வயலாயின. 1806இல் ரிங்கல்தௌபே திருவிதாங்கூரின் தென்கோடிக்கு வந்தார். நாகர்கோவில் வட்டாரம் லண்டன் மிஷனுக்கு ஆயிற்று. நெல்லைச் சீமையிலே சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்னும் இரு ஆங்கிலிக்கச் சங்கங்கள் வேரூன்றின. மதுரையிலே 1834இல் அமெரிக்க மிஷன் கால்வைத்தது. ஒருவர் வயலிலே மற்றவர் உழக்கூடாது என்று மிஷன்கள் தமக்குள்ளே எல்லை வகுத்துக் கொண்டன. பாளையப்பட்டுகளின் எல்லையைப் போல, பாதிரிமாரின் எல்லை!

ஆகவே, “எங்கள் பாட்டன் காலந்தொட்டு நாங்கள் ஆங்கிலிக்கர்” என்று பெருமை பேசுவோரைப் பார்த்து நாம் பணிவோடு கேட்கிறோம்: உங்கள் பாட்டன் எல்லைக்கு அப்பால் பத்துக் கல் தள்ளிப் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்? லண்டன் மிஷன்காரர் ஆகியிருப்பார். அங்கே நின்று அதையே உண்மைச் சபை என்று சாதித்திருப்பார். கொள்கை தேர்ந்தெடுத்தது சிறிது; குடியிருந்த இடம் தேர்ந்தெடுத்தது பெரிது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஆயர் வேண்டுமா, வேண்டாமா என்று மேலைநாட்டார் நூற்றாண்டுக் கணக்கிலே வாதிட்டனர், சிறை சென்றனர், போரும் தொடுத்தனர். அந்த வாதத்திலே எதிரெதிரே நின்ற ஆங்கிலிக்கர், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலே கூடித் தென்னிந்தியத் திருச்சபை என்று ஒன்றாயினர். அதனைப் பாராட்டுகிறோம். மனிதர் மனம் வைத்தால் நூற்றாண்டுப் பகையும் ஒரு நாளிலே தீரும் என்பதற்கு அது சான்று. அந்தச் சான்றை வைத்துக்கொண்டே கேட்கிறோம்: கொள்கைச் சுவரை இடிக்கத் தெரிந்த கைகளுக்குச் சாதிச் சுவரை இடிக்கத் தெரியாமற் போனதேன்?

சாதிக்காகவே சபை மாறியவர்கள் கதையும் இந்நாட்டிலே உண்டு. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள்ளே சாதி வேற்றுமையை அறவே விட்டொழிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். உட்காரும் இடத்திலே பேதம் கூடாது. திருவிருந்துக் கிண்ணத்திலே முந்துவோர் பிந்துவோர் என்று கூடாது. தஞ்சையிலும் வேப்பேரியிலும் அந்தக் கட்டளை வாசிக்கப்பட்டபோது மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர் கொதித்தெழுந்தனர். கோயிலை விட்டு வெளிநடந்தனர். பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தது. சாதி வழக்கத்தைச் சமூகப் பழக்கம் என்று பொறுத்துக் கொள்ளும் போக்கு அதனிடம் இருந்தது. வெளிநடந்தோரிலே பலர் அங்கே புகுந்தனர். 1850இல் சென்னையிலே மிஷனரிகள் கூடிச் சாதிக்கு எதிராக ஒருமித்த அறிக்கை விடுத்தபோதும் லைப்சிக் மிஷன் மட்டும் விலகியே நின்றது.

ஆங்கிலிக்கத்திலிருந்து லுத்தரனுக்குத் தாவிய அந்தப் பெரியோர், விசுவாசத்தினால் வரும் மீட்பைப் பற்றி இரவு முழுதும் ஆராய்ந்தா தாவினார்கள்? தங்கள் பாயையும் இருக்கையையும் காப்பாற்றத் தாவினார்கள்! சபையைத் தேர்ந்தெடுப்பதற்குச் சாதி வெறியனுக்கு ஓர் அளவுகோல் இருந்தது. அதை அவன் கூசாமல் பயன்படுத்தினான். மானம் தேடி வந்தவன் மட்டும் தன் அளவுகோலைப் பயன்படுத்தக் கூச்சப்பட வேண்டுமாம்!

கத்தோலிக்கத் திருச்சபையின் பக்கம் திரும்புவோம். அது உலகம் முழுவதற்கும் பொதுவான சபை. பெயரின் பொருளே அதுதான். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, காவியுடுத்து மேற்குலத்தாருக்கு உரிய குருவாக வாழ்ந்தார். பிற்காலத்திலே தாழ்த்தப்பட்டோரிடம் செல்லப் பண்டாரசாமிகள் என்று வேறு குருமார் அமைந்தனர். ஒரே மறை; ஆனால் போதகரிலேயே இரண்டு படிகள்! விதைத்தது விளையாமற் போகுமா? நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்திலே 1872இல் எழுந்த மாதா கோயிலைப் பாருங்கள். ஒரே பலிபீடம், அதிலிருந்து இரண்டாகப் பிரிந்து செல்லும் இரு மண்டபங்கள். ஒன்றிலே வேளாளரும் அவரைச் சார்ந்தோரும், மற்றொன்றிலே நாடாரும். இருவரும் ஒரே குருவைப் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை! கட்டிடக் கலையே சாதிக்குக் கைகட்டி நின்ற காட்சி அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரிவினையைப் பாதிரிமார் அகற்றியபோது, வேளாளர் நீதிமன்றத்துக்குச் சென்று தனியிடம் கேட்டு வாதாடித் தோற்றனர். பரலோகத்திலே இடம் கேட்டு மன்றாடுவதற்கு முன், மண்டபத்திலே இடம் கேட்டு மன்றாடினர்!

“அதெல்லாம் பழங்கதை” என்று கூறுவோர்க்கு எறையூரை நினைவூட்டுகிறோம். அன்று விழுப்புரம் மாவட்டத்திலே இருந்த ஊர் அது. கோயிலிலும் ஊர்வலத்திலும் கல்லறையிலும் தமக்குச் சமத்துவம் இல்லை என்று தலித் கத்தோலிக்கர் குரலெழுப்பினர். தமக்கெனத் தனிப் பங்கு கோரினர். 2008 மார்ச் 9ஆம் நாள் கலகம் மூண்டது, போலீஸ் துப்பாக்கி முழங்கியது, இருவர் மாண்டனர். கல்லெறிந்த கையும் கிறிஸ்தவக் கை; கல்லடி பட்ட தலையும் கிறிஸ்தவத் தலை. இரு சாராரும் ஒரே போப்பாண்டவரை ஏற்றவர்கள். ஒரே ஜெபமாலையை உருட்டியவர்கள். கொள்கையிலே அணுவளவும் வேற்றுமை இல்லை. பிறகு எதற்காக இரத்தம் சிந்தினர்? அதைத்தான் சபை தேடுபவன் முதலிலே கேட்க வேண்டும் என்கிறோம்.

புதிய சபையார், “எங்களிடம் சாதி இல்லை, எல்லோரும் ஒரே பாயிலே அமர்கிறோம்” என்கிறார்கள். ஒரே பாயிலே அமர்வது நல்லதே, வரவேற்கிறோம். ஆனால் பாய் சுருட்டப்பட்ட பிறகு என்ன நடக்கிறது? “கிறிஸ்தவ நாடார் மணமகனுக்கு”, “கத்தோலிக்க வேளாளர் மணமகளுக்கு” என்று வரன் தேடும் விளம்பரங்களைக் காணாத தமிழர் உண்டோ? அதிலே சபையின் பெயர் ஒரு சொல். சாதியின் பெயர் ஒரு சொல். சபை மாறினால் பேசிப் பார்க்கலாம். சாதி மாறினால் பேச்சே கிடையாது. மூழ்கி எடுத்த ஞானஸ்நானத்திலும் கரையாத கறை அது.

இந்தக் கொடுமை நம் நாட்டோடு நிற்பதன்று. அமெரிக்காவிலே நிறத்தின் பெயரால் இதே நாடகம் நடந்தது. பிலடெல்பியா நகரின் மெதடிஸ்டு ஆலயமொன்றில், மண்டியிட்டு ஜெபித்துக் கொண்டிருந்த கறுப்பரை ஜெபம் முடியுமுன்னே பிடித்து எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஆலனும் தோழர்களும் எழுந்தனர், வெளியேறினர். 1816இல் ஆப்பிரிக்க மெதடிஸ்டு எபிஸ்கோப்பல் சபை உருவாயிற்று. கவனியுங்கள்: ஆலன் மெதடிஸ்டாகவே வெளியேறினார், மெதடிஸ்டாகவே வாழ்ந்தார். மாற்றிக் கொண்டது கொள்கையை அல்ல, கூரையை!

அண்டையிலே திருவிதாங்கூரில் பொய்கையில் யோகன்னான் என்னும் பறையர் வழித்தோன்றல், மார்த்தோமா சபையிலே இருந்து பார்த்தார். பிரதரன் சபையிலே சேர்ந்து பார்த்தார். சபை மாறியது, தன்னைப் பார்க்கும் பார்வை மாறவில்லை. 1909 வாக்கிலே பிரத்யட்ச ரட்சா தைவ சபையைத் தோற்றுவித்துத் தம் மக்களைத் திரட்டினார்; பின்னாளில் திருவிதாங்கூர் பிரஜா சபையிலே உறுப்பினராகி அவர்களுக்காக வாதாடினார். கதவைத் தட்டித் தட்டிக் கை சலித்தவன், தானே வீடு கட்டிக் கொண்ட வரலாறு அது.

“சாதி இந்து சமூகத்தின் நோய், அது தொற்றிக் கொண்டதற்குச் சபை என்ன செய்யும்?” என்று சிலர் கேட்கின்றனர். நோய் அங்கிருந்து வந்தது என்பதை நாமும் மறுக்கவில்லை. அந்த நோயின் மூலத்தை ஓயாது தாக்கி வருபவர்கள் நாம். ஆனால் வந்த நோய்க்கு மருந்து கொடுத்தீர்களா, மண்டபம் கட்டிக் கொடுத்தீர்களா? மனு ஏடு எழுதினான். மாதா கோயிலுக்கு வரைபடம் எழுதவில்லையே!

சபைகள் நன்மை ஏதும் செய்யவில்லை என்று நாம் கூறோம். எழுத்தறியாதவன் கையிலே ஏட்டைக் கொடுத்த பள்ளிகள் உண்டு. தென் திருவிதாங்கூரிலே நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காகப் போராடியபோது லண்டன் மிஷனார் துணை நின்றனர். 1859இல் அரசு இணங்கி ஆணையிட வேண்டியதாயிற்று. எதிர்த்து நிற்க முடியும் என்பதற்கு அது சான்று. முடியும் என்று தெரிந்தபின், செய்யாதவரைக் கண்டிக்கும் உரிமை நமக்கு உண்டு.

இதற்கிடையே சட்டத்தின் விந்தையைப் பாருங்கள். 1950ஆம் ஆண்டு ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்து சமயத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அதை விரித்தார்கள். அந்தத் திருத்தங்களிலே கிறிஸ்தவனுக்கு இடமில்லை. “கிறிஸ்தவத்திலே சாதி இல்லை, ஆகவே சலுகை இல்லை” என்றது சட்டம். “நீ இன்ன சாதி, ஆகவே பின்னாலே நில்” என்றது பங்கு. சலுகைக்கு இல்லாத சாதி, சவக்குழிக்கு மட்டும் இருந்தது!

ஆகவே தோழர்களே, “எந்தச் சபை?” என்று உங்களிடம் கேட்டு வருபவனைக் கேலி செய்து அனுப்பாதீர்கள். நாம் நாத்திகர், நமக்கென்ன என்று ஒதுங்காதீர்கள். அவன் நாடி வந்தது கடவுளை மட்டுமன்று, கண்ணியத்தை. அவன் கையிலே கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள்.

உங்கள் கல்லறைத் தோட்டத்திலே எத்தனை பகுதிகள்? நடுவிலே சுவர் உண்டா? திருவிழாச் சப்பரம் எங்கள் தெருவிலே வருமா, முனையிலேயே திரும்புமா? திருவிருந்துக் கிண்ணம் எந்த வரிசையிலிருந்து தொடங்கும்? சபையின் ஆட்சிக் குழுவிலே எங்கள் தெருக்காரர் எத்தனை பேர்? பள்ளியிலும் கல்லூரியிலும் எங்கள் பிள்ளைக்குப் பெருக்கும் வேலை மட்டுமா, பாடம் நடத்தும் வேலையும் உண்டா? காணிக்கைக் கணக்கைக் காட்டுவீர்களா? உங்கள் குருமார் சாதி மறுப்புத் திருமணத்தைத் தயங்காமல் நடத்தி வைப்பார்களா?

இவற்றுக்கு விடை தேட வேதசாத்திரம் படிக்க வேண்டியதில்லை; எபிரேயமும் கிரேக்கமும் தெரிய வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயிலிலே நின்று பார்த்தால் போதும். ஓர் அடக்க ஊர்வலத்தின் பின்னே நடந்து பார்த்தால் போதும்.

இந்தக் கேள்விகளைக் கேட்டவுடனே கோபிக்கும் சபை, எத்தனை அழகாகத் தண்ணீர் தெளித்தாலும், எத்தனை ஆழத்திலே மூழ்க வைத்தாலும், உனக்கு உரியதன்று. விடை தரும் சபை கிடைத்தால், சேருவதும் சேராததும் உன் விருப்பம். எங்கும் விடை கிடைக்கவில்லையேல், வெளியிலே நிமிர்ந்து நிற்பது உள்ளே குனிந்து நிற்பதைவிடத் தாழ்ந்ததன்று. அங்கே உன்னோடு நிற்க நாம் இருக்கிறோம்.

பரலோகத்தின் திறவுகோல் எவரிடம் என்று சபைகள் வாதிட்டுக் கொண்டிருக்கட்டும். கல்லறைத் தோட்டத்தின் திறவுகோல் எவரிடம்? தம்பி, அதை முதலிலே கேள்!