சிப்பாயின் முதுகும் உப்பளத்தின் முதுகும்

முதுகுத்தண்டு கெட்டுப் படையிலிருந்து திரும்பும் சிப்பாயின் கையில் மருத்துவ வாரியத்தின் அறிக்கை ஒன்று இருக்கும். அதில் இரண்டு முடிவுகள் முக்கியமானவை. பாதிப்பு எத்தனை சதவீதம் என்பது ஒன்று. அது படைப்பணியால் வந்ததா அல்லது படைப்பணியால் மோசமானதா என்பது மற்றொன்று. பணிக்காலம் முடித்து வருபவருக்கு 19 சதவீதம் என்று எழுதினால் இயலாமை ஓய்வூதியம் கிடையாது. 20 என்று எழுதி, படைப்பணியே காரணம் என்றும் ஒப்புக்கொண்டால், அதை 50 சதவீதமாகக் கணக்கிட வேண்டும். ராம் அவதார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அந்த ஒரு சதவீதத்தில் ஒரு குடும்பத்தின் சோறு இருக்கிறது.

இதைவிடப் பெரிய தீர்ப்பு 2013-இல் வந்த தரம்வீர் சிங் வழக்கு. 1985-இல் படையில் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-இல் வெளியேற்றப்பட்டவர் அவர். சேரும்போது உடலில் எந்தக் குறையும் பதிவாகவில்லை என்றால் அவர் நலமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு உடல் கெட்டால் பணியே காரணம் என்று கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. காரணம் சொல்லாத மருத்துவ வாரிய முடிவு செல்லாது என்றது நீதிமன்றம்.

ஆகவே மேல்முறையீடு என்பது கருணை மனு அல்ல. வாரிய அறிக்கையின் நகலையும் சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையின் பதிவையும் கேட்டு வாங்க வேண்டும். முதல் மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் அவகாசம். அடுத்து இரண்டாம் மேல்முறையீடு, அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம்; அதற்குச் சென்னையிலும் அமர்வு உண்டு. 2023-இல் விதிகள் மாறியிருப்பதால், பணியிலிருந்து வந்த தேதிக்கு எந்த விதி பொருந்தும் என்பதையும் பார்க்க வேண்டும். ‘சின்ன வயதில் உப்பு சுமந்த முதுகுதானே’ என்று யாராவது சொன்னால் பதில் எளிது: அந்த முதுகைத் தட்டிப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்?

மரக்காணம் உப்பளக் கரையில் நின்று இதைப் படிக்கும்போது எனக்கு அடுத்த கேள்வி வருகிறது. பாத்தியில் வெறுங்காலோடு நின்று வாருபலகை இழுப்பவருக்கும், ஈர உப்பைத் தலையில் சுமந்து வரப்பேறும் பெண்ணுக்கும் இந்த அனுமானம் ஏன் இல்லை? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தொழில்நோய்களைப் பட்டியலிட்டது. சுமை தூக்கித் தேய்ந்த முதுகு அதில் இடம்பெறவில்லை. தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தேவையானதுதான். ஆனால் அது வேலையில்லாத மாதங்களுக்கானது, தேய்ந்த எலும்புக்கானது அல்ல.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்கலாம். எந்த உடல் எதற்குப் பிறந்தது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் சாதி. ‘போர்க்குடி’ என்ற பெயரில் சில சாதிகளைத் தேர்ந்தெடுத்த பிரிட்டிஷ் அரசு, தலைமுறைகளாகப் படையில் இருந்த மகர்களுக்கு 1890-களில் கதவை அடைத்தது. அம்பேத்கரின் தந்தையும் அந்தப் படையில் சுபேதாராக இருந்தவர். ‘இந்த உடல் போருக்கு ஆகாது’ என்ற அதே புத்திதான் ‘இந்த உடல் சுமைக்கென்றே ஆனது’ என்றும் சொல்கிறது. சுமக்கப் பிறந்ததாக நினைக்கும் முதுகு உடைந்தால் அதை யாரும் காயமாகக் கணக்கிடுவதில்லை. ‘வயசாகிவிட்டது’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சிப்பாய்க்குக் கிடைத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை. சதவீதத்தைக் குறைத்து எழுதினால் அவர் கடைசிவரை வழக்காட வேண்டும், நாம் துணை நிற்க வேண்டும். அதே நியாயத்தை உப்பளத்துக்கும் கேட்க வேண்டும். வேலைக்கு வரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை, ஆண்டுதோறும் ஒன்று, எல்லாம் எழுத்துப் பதிவில். அதன்பின் முதுகு கெட்டால், வேலை காரணமல்ல என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியும் அரசும்தான். சுமந்தவர் அல்ல.