மனசுக்கு ஒரு ஆடிட்!

மனோதத்துவ நிபுணர் என்றாலே நமக்கெல்லாம் சினிமாதான் ஞாபகம் வரும். சாய்வு மெத்தை, கண்ணெதிரே ஆடும் கடிகாரம், 'தூக்கம் வருது... தூக்கம் வருது...' ஐந்தாவது நிமிஷம் ஃப்ளாஷ்பேக்!

நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன். பேஷன்ட் நானில்லை, அக்கா பையன். வயசு ஆறு. தெருநாய் ஒன்று துரத்தியது. கடிக்கவில்லை. ஆனால் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டவன், அதற்கப்புறம் வாசல்படி தாண்ட மாட்டேன் என்று அடம். எங்காவது நாய் குரைத்தால் கட்டிலுக்கு அடியில் ஆஜர். ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டால் வாந்தி. மந்திரித்தாயிற்று, தாயத்தும் கட்டியாயிற்று. 'ஆம்பிளைப் பையன் அழலாமாடா?' என்று அத்தான் ஓர் அறையும் கொடுத்தாயிற்று. ஊஹூம்!

உள்ளே போனால் மெத்தையையும் காணோம், கடிகாரத்தையும் காணோம். தரையில் ஜமக்காளம். அதன்மேல் மணல் தட்டு, களிமண், பொம்மை வீடு, ரப்பர் நாய். அந்த அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். 'நாயைப் பத்திக் கேளுங்க மேடம்' என்று ஜாடை காட்டினேன். கண்டுகொள்ளவில்லை. பயல் ரப்பர் நாயை மணலில் புதைத்தான், தோண்டி எடுத்தான், மறுபடி புதைத்தான். நாற்பது நிமிஷம் இதே கதை.

வெளியே வந்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "விளையாடறதுக்கா மேடம் ஃபீஸ்? அதை வீட்லயே செய்வானே?"

"பெரியவங்களுக்குப் பேச்சு எப்படியோ, குழந்தைக்கு விளையாட்டு அப்படி சார். 'எனக்குப் பயமா இருக்கு, ஏன்னா...'ன்னு ஆரம்பிச்சு சொல்ல அவனுக்கு வராது. மணல்ல புதைக்க வரும். இன்னிக்கு நாயைவிட அவன் பெரியவன். முதல் நாளைக்கு இது போதும்."

ஏதோ புது ஃபேஷன் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்ற பெண்மணி விளையாட்டு சிகிச்சையைப் பற்றி 1947-லேயே புத்தகம் எழுதிவிட்டார். அதற்கும் முன்னால், 1924-ல், மேரி கவர் ஜோன்ஸ் என்பவர் பீட்டர் என்ற சிறுவனின் கதையை வெளியிட்டார். சுமார் மூன்று வயசு. முயலைக் கண்டால் நடுங்குவான். அவனுக்குப் பிடித்ததைத் தின்னக் கொடுத்துவிட்டு, முயலைத் தள்ளி வைத்தார்கள். அப்புறம் கொஞ்சம் கிட்டே... இன்னும் கொஞ்சம் கிட்டே... கடைசியில் முயல் அவன் விரலைக் கடித்து விளையாட, பயல் சும்மா இருந்தானாம்!

நம்ம ஆளுக்கும் அதே ஏணிப்படிதான். முதலில் நாய் படம். அப்புறம் எதிர்வீட்டு கேட்டுக்குள் இருக்கும் நாய். அப்புறம் சங்கிலியில் கட்டிய நாய். அத்தானுக்கும் வீட்டுப்பாடம் உண்டு: கை நீட்டக் கூடாது, கேலி செய்யக் கூடாது. ஆறாவது வாரம் பயல் வேனில் ஏறிவிட்டான். அக்கா வாசலில் நின்று அழுதாள்.

வாரா வாரம் போனதில் வரவேற்பறை எனக்குப் பழகிவிட்டது. ஒருநாள் ஓர் அப்பாவும் பதினாறு வயசுப் பையனும். அந்த அம்மா பையனை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்திவிட்டார். முடிந்ததும் அப்பா எகிறினார்: "ஃபீஸ் கட்டறது நானு. அவன் என்ன சொன்னான்னு எனக்கே சொல்ல மாட்டீங்களா?"

"அவன் உயிருக்கு ஆபத்துன்னா அந்த நிமிஷமே சொல்வேன் சார். மத்ததெல்லாம் அவன் சொத்து. அடுத்த வாரம் நீங்களும் அவனும் சேர்ந்து உட்காருங்க. அவனே சொல்லலாம். நடுவுல குறுக்கிடாம பத்து நிமிஷம் கேட்பீங்களா?"

அப்பா யோசித்தார். பத்து நிமிஷம் என்பது அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான் போல!

அந்த வயசுக்கு மணலும் ஒத்துவராது, உபதேசமும் ஒத்துவராது. தன் ரகசியம் வெளியே போகாது என்ற நம்பிக்கை வந்தால்தான் வாய் திறக்கும். பல வீடுகளில் சிகிச்சை பையனுக்கு மட்டுமல்ல. பையனும் அப்பாவும் பேசிக்கொள்ளும் முறைக்கும் சேர்த்துத்தான்.

இனிமேல்தான் விஷயம். கடைசி நாள் கிளம்பும்போது, "நீங்க எப்படி சார் இருக்கீங்க?" என்றார் அந்த அம்மா. சும்மா மரியாதைக்குக் கேட்ட கேள்விதான். 'ஃபைன்' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். வாய் வேறு சொல்லிற்று.

ஒவ்வொரு திங்கள்கிழமையும் ஆபீஸில் ரிவ்யூ மீட்டிங். ஞாயிறு ராத்திரியே நெஞ்சு படபடக்கும். இரண்டு மணிக்கு முழிப்பு. சட்டை நனையும். மூன்று முறை ஈ.சி.ஜி., ஒரு எக்கோ. 'இதயம் நன்றாக இருக்கிறது' என்றார் டாக்டர். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு வருத்தப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அத்தான் கொடுத்த அந்த அறை எனக்கும் எப்போதோ விழுந்திருக்கிறது.

அந்த அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். நாலு பத்தி. என்ன நடந்தது? மனசு என்ன சொன்னது? அதற்கு ஆதாரம் என்ன? வேறு என்ன காரணம் இருக்கலாம்? 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க டாக்டர் உருவாக்கிய முறையிலிருந்து வந்தது இது. வவுச்சர் இல்லாமல் எதையும் பாஸ் பண்ணாத நாம், மனசு நீட்டுகிற எல்லா பில்லிலும் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுகிறோம் என்பதுதான் சாரம்.

என் முதல் பதிவு: 'மேனேஜர் என் ஃபைலைப் பார்த்து முகம் சுளித்தார்.' மனசு: 'வேலை போச்சு.' ஆதாரம்: இல்லை. வேறு காரணம்: 'கேன்டீன் சாம்பார்.'

எழுதினால் மட்டும் போதாது. இறங்கியும் பார்க்க வேண்டும். ஆல்பர்ட் எல்லிஸ் கதை தெரியுமா? பின்னாளில் பெரிய மனோதத்துவ மேதை. பத்தொன்பது வயசில் பெண்களிடம் பேச உதறல். நியூயார்க்கில் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவுக்கு தினம் போய், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேசுவது என்று சபதம். ஒரே மாதத்தில் 130 பேர். முப்பது பேர் எழுந்து போய்விட்டார்கள். நூறு பேர் பேசினார்கள். ஒருத்தி மட்டும் சந்திக்க வருகிறேன் என்றாள். அவளும் வரவில்லை! ஆனால் வானம் இடிந்து விழவில்லை, பயம்தான் போய்விட்டது. (தம்பிகளே, நம்மூர் பார்க்கில் இதைப் பரீட்சை பண்ணாதீர்கள். பயம் போகும்; கூடவே மானமும் போகும்.)

எனக்கு வந்த வீட்டுப்பாடம் சின்னது. மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டேன். குரல் நடுங்கிற்று. மேனேஜர், "குட் பாயின்ட்" என்றுவிட்டு அடுத்த ஐட்டத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதானா! இதற்கா இரண்டு வருஷமாகத் தூங்கவில்லை?

படபடப்பு இன்னும் வருகிறது. வந்தால் உட்காரச் சொல்லி, ஆதாரம் கேட்கிறேன்.

போகிற போக்கில் இரண்டு விஷயம். மாத்திரை எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட். பேச்சிலும் பயிற்சியிலும் சிகிச்சை தருபவர் சைக்காலஜிஸ்ட். சிலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும், அதில் கேவலம் ஒன்றுமில்லை. நேரில் போகக் கூச்சமா? 14416-க்கு போன் போடுங்கள். 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ். காசு கிடையாது, ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

போன வாரம் அக்கா பையன் கேட்டான்: "மாமா, நீயும் அந்த ஆன்ட்டிகிட்ட போனியாமே... மணல்ல விளையாடினியா?"

"ஆமாண்டா, ஒரு மாதிரி."

"நான் நாயைப் புதைச்சேன். நீ யாரைப் புதைச்சே?"

சொல்லவில்லை. அது என் சொத்து!